நாலு கிராம்

செவ்வாய்ப்பேட்டைத் தராசில்
ஒரு கிலோ இருநூற்று நாற்பது.
நகரத்பேட்டைத் தராசில்
ஒரு கிலோ இருநூற்று முப்பத்தாறு.
நாலு கிராம் கொலுசு
எந்த ஸ்டேஷனில் இறங்கிப் போகிறது
என்று பார்க்கத்தான்
செவ்வாய்தோறும் ஜன்னலோரம் பிடிக்கிறேன்.

மூணடுக்கு டிபன் கேரியர்.
மேலே எலுமிச்சைச் சோறு,
கீழே ரெண்டிலும் சரக்கு.
சலங்கை வாய் திறக்காதிருக்க
ஜோடிக்கு ஜோடி டிஷ்யூ பேப்பர் சுற்றி
நிறுத்துக் கொடுப்பார் முதலாளி.
குறைந்ததை என் கூலியில் பிடிப்பார்.
திட்டுவதில்லை.
அதுதான் அதிகம் எரியும்.

ஐந்து இருபதுக்கு வண்டி நகர்கிறது.
வலப்பக்கம் சேர்வராயன் இருக்கிறது, தெரியவில்லை.
ஏற்காடு ஏறும் ஏதோ ஒரு லாரியின் வெளிச்சம்
இருட்டில் வளைந்து வளைந்து போகிறது
கொக்கி மாட்டாத கொலுசாக.
பொழுது விடியுமுன்னே
வெள்ளைக்கல் மேடு வெளுத்துவிடுகிறது.
ஓமலூரில் ஒரு தண்டவாளம்
மேட்டூர் பக்கம் ஒதுங்கிக்கொள்ள
மீதியில் நாங்கள் போகிறோம்.

செம்மாண்டப்பட்டி, பட்டி.
தொப்பூரில் வண்டிக்கு இளைக்கிறது.
முத்தம்பட்டியும் பட்டிதான்.
தருமபுரி தாண்டி, பாலக்கோடு தாண்டி
மாரண்டஅள்ளி.
அந்த அள்ளியில் என்னதான் அள்ளுகிறார்கள்
என்று ராயக்கோட்டையில் ஏறிய திம்மராயனைக் கேட்டேன்.
"தக்காளிதான். வெல இருந்தா அள்ளுவோம்,
இல்லேன்னா ரோட்ல கொட்டுவோம்."

கெலமங்கலத்தில் ஏறினாள் முனிலட்சுமி.
கார்மேலரம் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ்,
வெள்ளைச் செருப்பைப் பையில் வைத்திருந்தாள்.
"ப வர்ற எடத்துல ஊதுங்கக்கா, அவ்வளவுதான் கன்னடம்.
பாலு ஹாலு. பல்லு ஹல்லு. புண்ணு ஹுண்ணு.
பள்ளி ஹள்ளி."
ஊதிப் பார்த்தேன். திம்மராயன் சிரித்தார்.
"அப்ப நோவு?"
"நோவு ரெண்டு பக்கமும் நோவுதான்."
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"வெள்ளி?"
"பெள்ளி."
ஓ. தொலைந்த ப எங்கும் போகவில்லை,
என் கேரியருக்குள்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஓசூருக்கு அப்புறம் சிக்னல் இல்லாமல் நின்றது.
ஒரு வேலிக்காத்தான் புதர்,
பிளாஸ்டிக் பை மேயும் ஒரு ஆடு.
கோடு இல்லை, கல் இல்லை, போர்டு இல்லை.
செல்போன் மட்டும் சிணுங்கி
கர்நாடகா தங்களை வரவேற்கிறது என்றது.
கடைசிப் பெட்டிக்கு இன்னும் வரவேற்பு வந்திராது.
கேரியரை மடியில் இறுக்கிக்கொண்டேன்.
இங்கேதான் இறங்கும்,
இறங்கினால்.
ஒன்றும் இறங்கவில்லை.
ஆடு இந்தப் பக்கம் ஒரு வாய்
அந்தப் பக்கம் ஒரு வாய் வைத்தது.

நஞ்சுண்டப்பா கடையில்
தராசுத் தட்டில் காற்றுப் படாதிருக்கக்
கண்ணாடிக் கூண்டு.
ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார்.
சலங்கைகள் வாயைத் திறந்தன.
முப்பத்தாறு.
"சேலத்தம்மா, யாவாகலூ இஷ்டே" என்றார்,
எப்போதும் இவ்வளவுதான்.

கசங்கிக் கிடந்த பேப்பரை
வழக்கமாகக் கூடையில் போடுவேன்.
இன்று ஏனோ பந்தாகச் சுருட்டி,
"இதைக் கொஞ்சம்" என்றேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
பேப்பரை வைத்தார்.

நாலு.

சத்தம் வராதிருக்கச் சுற்றியதன் எடை
நாலு கிராம்.
எல்லை ஒரு குந்துமணிகூட எடுக்கவில்லை.
பட்டியும் அள்ளியும் ஹள்ளியும்
ஒரு பாவமும் அறியாதவை.

மாலை வண்டியில் கூட்டம்.
பேப்பரை மடித்துப் பில்லோடு ரவிக்கைக்குள் வைத்து
கதவோரம் நின்றபடி கணக்குப் போட்டேன்.
பதினோரு செவ்வாய், நாலு நாலாக
நாற்பத்து நாலு கிராம்.
என் சின்னவள் காலுக்கு
ஒரு ஜோடி,
மூணு சலங்கை வைத்து.
காலி கேரியர் கடகடவென்று
தொப்பூர் இறக்கம் முழுக்க
என்னைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தது.